ஐந்தாம் மாடியில் ஒரு டப்பா மாக்கா

தீயணைப்பு நிலையத்தில் அவரை எல்லோரும் ஸ்டியரிங் என்றுதான் கூப்பிடுவார்கள். பதினேழு வருடமாகச் சிவப்பு வண்டியை ஓட்டுகிறவர். அந்த வண்டியின் இரண்டாவது கியர் அவர் கைக்கு மட்டும்தான் விழும். மற்றவர்கள் போட்டால் வண்டி தொண்டையைச் செருமிக்கொள்ளும், அவ்வளவுதான். எங்கே எரிந்தாலும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடுவார். சேர்ந்த பிறகு இறங்க மாட்டார். அது மற்றவர்கள் வேலை.

இந்த நியாயம் புதிதாக வந்த அதிகாரிக்குப் புரியவில்லை. ஓட்டுகிறவர் உட்பட எல்லோரும் பதினைந்து கிலோ குழாய்ச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு பயிற்சிக் கோபுரத்தின் ஆறு மாடியையும் இரண்டரை நிமிடத்தில் ஏற வேண்டும் என்றார். ஸ்டியரிங் ஏறினார். மூன்று நிமிடம் ஐம்பது வினாடி. கடைசி மாடிக்கு அவர் குழாயைக் கொண்டுபோனாரா, குழாய் அவரைக் கொண்டுபோனதா என்பதில் சாட்சிகளுக்குள் இன்னும் ஒத்த கருத்து இல்லை.

"ஆறு வாரம் தர்றேன். மறுபடி ஏறுங்க," என்றார் அதிகாரி. "முடியலன்னா வண்டியை இறக்கி வெச்சுட்டு ஃபோன் எடுக்கிற வேலைக்குப் போயிடுங்க. நாற்காலி நல்லாத்தான் இருக்கும்."

அன்று வீட்டில் ஸ்டியரிங்குக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"என் வண்டியை இன்னொருத்தன் செரும விடுவான். நான் ஃபோனைப் பிடிச்சுக்கிட்டு அதைக் கேட்டுக்கிட்டு இருக்கணும்."

"தினம் கொஞ்சம் நடங்களேன்," என்றாள் மனைவி.

"நடக்கறதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? உள்ள தெம்பு இல்ல. உள்ள ஏதாவது போகணும்."

உள்ளே போகவேண்டியதைக் கொண்டுவந்தவன் மச்சான், மனைவியின் தம்பி. அதே கட்டடத்தில் இவர்கள் தரைத்தளம், அவன் ஐந்தாம் மாடி. லிஃப்ட் மெக்கானிக். அந்தக் கட்டடத்து லிஃப்ட் ஏழு மாதமாக ஓடவில்லை. கேட்டால், "அது வேற கம்பெனி, நாங்க கை வெக்கக் கூடாது" என்பான்.

"இது மாக்கா வேர்ப்பொடி, மாமா," என்று டப்பாவை மேசையில் வைத்தான். "முள்ளங்கிக்கு ஒண்ணுவிட்ட சொந்தம். பதிமூணாயிரம் அடி மலைமேல, குளிர்ல வேற எதுவும் சரியா முளைக்காத இடத்துல முளைக்குது. இரும்புச்சத்து, சுண்ணாம்புச்சத்து, நார்ச்சத்து எல்லாம் இருக்கு." டப்பாவைத் திருப்பிப் படித்தான். "ஒண்ணு, தெம்பு. ரெண்டு, உற்சாகம்." மூன்றாவதைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டான். அக்கா புருஷனுக்குப் படித்துக்காட்டும் விஷயமல்ல அது. "நாலு, ஞாபகசக்தி."

"மூணு?"

"அச்சு சரியா விழல, மாமா."

"இதெல்லாம் நிரூபிச்சிருக்காங்களாடா?" என்றாள் அக்கா.

"சின்னச் சின்ன ஆராய்ச்சிதான்க்கா. இருக்கலாம்னு சொல்றாங்க. தைராய்டு இருந்தா டாக்டரைக் கேக்காம தொடாதேன்னு மட்டும் உறுதியா போட்டிருக்காங்க."

ஸ்டியரிங்குக்குத் தைராய்டு இல்லை. சூடான பாலில் ஒரு ஸ்பூன் கலக்கினார். கலக்கியதும் வாசனை கிளம்பியது. மனைவியின் மூக்கோ, எதிர்வீட்டுப் பால் நாளைக்குத் திரியப்போவதை இன்றைக்கே சொல்லிவிடும் மூக்கு.

"முள்ளங்கியை வறுத்துப் பழைய பீரோவுல வெச்சுப் பூட்டின மாதிரி இருக்கு. இந்த வீட்டுல ஒண்ணு இது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்."

ஸ்டியரிங் யோசித்தார். அவர் யோசிப்பதைப் பார்த்த மச்சான் சட்டென்று டப்பாவைத் தூக்கிக்கொண்டுபோய்த் தன் வீட்டில் வைத்து ஒரு குடும்பத்தைக் காப்பாற்றினான். மாற்றுச் சாவியையும் கொடுத்தான்.

காலை ஒரு ஸ்பூன், மாலை ஒரு ஸ்பூன். மேலே போகத் தொண்ணூறு படி.

முதல் நாள் மூன்றாம் மாடியிலேயே மூச்சு நின்று விசாரித்தது. அங்கே குடியிருந்த தையல்காரர் இரக்கப்பட்டு வாசலில் ஒரு ஸ்டூல் போட்டார். ஒரு வாரம் அதில் உட்கார்ந்து, பெருமூச்சு விட்டு, "மருந்து சாப்பிடப் போறேன்" என்று தகவல் சொல்லிவிட்டு ஏறினார்.

மேலே மச்சானின் சமையலறை ஆராய்ச்சிக்கூடம் ஆகியிருந்தது. வேகவைக்காத பொடி வயிற்றில் கடமுடா பண்ணியதால் ஓட்ஸ் கஞ்சியில் போட்டு வேகவைத்தார்கள்; அடங்கியது. காப்பியில் போட்டார்கள், காப்பி கெட்டது. வாழைப்பழத்தோடு பாலில் அடித்தபோதுதான் சர்க்கரை தீய்ந்த மிட்டாய் மாதிரி ஒரு ருசி வந்து, இருவரும் ஒருவரை ஒருவர் மரியாதையோடு பார்த்துக்கொண்டார்கள்.

நான்காம் வாரம் தையல்காரர் வழிமறித்தார். "என்ன சார், எம்மேல ஏதாவது கோபமா? உக்காரவே மாட்டேங்கறீங்க."

ஸ்டியரிங் நின்று பார்த்தார். ஸ்டூலில் தூசி படிந்திருந்தது.

"மச்சான், வேலை செய்யுதுடா," என்றார் மேலே போய்.

"நான் சொன்னேன்ல."

பரீட்சைக்கு ஒன்பது நாள் இருக்கும்போது டப்பா காலியானது. மச்சான் அன்றைக்கே இன்னொன்றுக்கு ஆர்டர் போட்டுவிட்டான். மறுநாள் வந்துவிடும், தன் வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள் என்றான். மறுநாள் வரவில்லை. மச்சான் பகல் முழுக்க ஏதாவது ஒரு லிஃப்ட் குழிக்குள் இருப்பான், ஃபோனில் சிக்னல் எடுக்காது. ஆகவே ஸ்டியரிங்கே மேலே போய் வாசல் மிதியடியைப் பார்த்துவிட்டு வந்தார். காலையில் இரண்டு தடவை. மாலையில் மூன்று தடவை. பொட்டலக்காரன் வண்டிச் சத்தம் கேட்டால் சட்டைப் பித்தான் போடாமல் ஒரு தடவை.

"வந்துச்சா?" என்பார் தையல்காரர், ஊசியில் கண்ணை வைத்தபடி.

"வரல," என்பது நான்காம் மாடியிலிருந்து கேட்கும்.

பரீட்சையன்று காலையிலும் ஏறிப் பார்த்தார். மிதியடிதான் இருந்தது.

"உடம்புல எட்டு நாளா ஒரு ஸ்பூன் இல்ல," என்றார் மனைவியிடம். "நாற்காலிதான்."

"போயிட்டு வாங்க," என்றாள் அவள். முகத்தில் கவலை போதுமான அளவுக்கு இல்லை என்று அவருக்குப் பட்டது.

குழாயைத் தோளில் போட்டார். அதிகாரி கடிகாரத்தை அமுக்கினார். முதல் மாடி, இரண்டாம் மாடி. மூன்றாவதில் கால்கள் வழக்கம்போல் ஸ்டூலைத் தாண்டின. ஸ்டூல்தான் அங்கே இல்லை. ஐந்தாவது மாடியில் பழக்கதோஷத்தில் ஒரு நொடி நின்று கீழே மிதியடியைத் தேடினார். பிறகு ஆறாவது.

"ரெண்டு நிமிஷம் பதினாலு," என்றார் அதிகாரி. கடிகாரத்தைத் தட்டிப் பார்த்தார். அது சரியாகத்தான் ஓடியது.

வண்டியைக் கழுவும் முறை தன்னுடையது இல்லாவிட்டாலும் ஸ்டியரிங் அன்று அதைக் கழுவினார். வீட்டுக்கு வந்தபோது மேசையில் ஒரு பொட்டலம் பிரிக்காமல் இருந்தது.

"இப்பதான் வந்துச்சா?"

"வந்து எட்டு நாளாச்சு. பொட்டலக்காரன் படியை ஒரு பார்வை பார்த்தான். அஞ்சு மாடி ஏற என்னால ஆகாதும்மா, நீங்களே வாங்கிக்கங்கன்னான். பீரோவுல வெச்சிருந்தேன்."

"நான் எத்தனை தடவை மேல போனேன் தெரியுமா?"

"நாப்பத்தியொண்ணு. இன்னிக்குக் காலையில போனதையும் சேர்த்து."

ஸ்டியரிங் பொட்டலத்தைப் பார்த்தார், தன் முழங்காலைப் பார்த்தார், பிறகு வாசலுக்கு வெளியே தெரிந்த முதல் படியைப் பார்த்தார். கணக்கு மெதுவாகத்தான் வந்தது, ஆனால் வந்தது.

"எனக்கும் மூக்கு பழகிடுச்சு," என்றாள் மனைவி. "வேணும்னா இங்கயே வெச்சுக்கங்க. வாழைப்பழம் இருக்கு, அடிச்சுத் தரேன்."

ஸ்டியரிங் பொட்டலத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு செருப்பைத் தேடினார்.

"வேணாம். ருசி அங்க இருந்தாத்தான் நல்லா இருக்கு."