அப்பா பிடித்த கை

சட்டையின் வலது கையைத்தான் மூத்தவள் முதலில் மாட்டினாள். விறைத்த கைக்கு முதல் மரியாதை, வளையும் கை எப்படியும் வழிக்கு வரும். சிகிச்சைக்கு வரும் பிள்ளைகளின் அம்மாக்களுக்கு அவள் வாய் வலிக்கச் சொல்லிக் கொடுப்பது இதைத்தான். இன்று அந்த வித்தை அப்பாவுக்கு உதவியது. பக்கவாதம் அவர் பேச்சைப் பறித்து வலது கையை விறைக்க வைத்திருந்தது; விடிகாலையில் உயிரும் போயிற்று. சுடுகாட்டு வண்டி வருவதற்குள் உடம்புக்குச் சட்டை போட்டாக வேண்டும்.

"எவ்வளவு பக்குவமா மாட்டுற!" பெரியம்மா மூக்கை உறிஞ்சினாள். "இருந்தவரைக்கும் உன்னை ஏறெடுத்துப் பாக்கல. போற நேரத்துல உன் கையை விடவே இல்லையேடி. அது போதும் உனக்கு."

மூத்தவள் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

சின்னப் பிள்ளைகளுக்குக் கை கால் பழக்கும் வேலை அவளுடையது. கரண்டி பிடிக்க, பொத்தான் போட, ஊஞ்சலில் பயமில்லாமல் உட்கார, சத்தத்தைக் கேட்டு அலறாமல் இருக்க. அப்பா அவள் வேலை செய்யும் இடத்தைப் பொம்மைக் கடை என்பார். "என் பொண்ணு பொம்மைக் கடையில இருக்கா, சம்பளமும் குடுக்கறாங்களாம்" என்று வந்தவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அவளும் கூடச் சேர்ந்து சிரித்து வைப்பாள். வேறென்ன செய்வது?

அவளால் சிரிக்க முடியாமல் போனது தம்பி மகள் விஷயத்தில். குழந்தை நுனிக்காலில்தான் நடக்கும். தரையில் முழுப் பாதம் பட்டால் கூசும். சட்டையின் தையல் உரசினால் கழற்றி எறியும். மிக்சி ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு சுவரில் முட்டும். அப்பா அவளுக்கு மகாராணி என்று பேர் வைத்தார். "மகாராணி மண்ணுல கால் வைக்க மாட்டா" என்று தோளில் தூக்கிக்கொண்டு திரிந்தார். பாசம்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் மூத்தவள் தெரபி என்று வாயெடுத்தால் போதும், "என் பேத்திக்கு ஒண்ணுமில்ல. எவளும் அவளைப் பைத்தியம் ஆக்க வேண்டாம்" என்று எரிந்து விழுவார். தம்பிக்கு அப்பா கிழித்த கோடுதான் வேதவாக்கு.

இப்போது கூடத்தில் ஆள் சேரச் சேர அழுகைச் சத்தம் கூரையைத் தொட்டது. மகாராணி அப்பாவின் கட்டிலுக்கு அடியில் போய்ச் சுருண்டுகொண்டாள்.

"வெளிய வா" என்று தம்பி அவள் கையைப் பிடித்து இழுத்தான். அவள் வீறிட்டு அவன் மணிக்கட்டைக் கடித்தாள். அவன் ஓங்கி ஒன்று வைத்தான்.

"அப்படிப் போடு" என்றார் சித்தப்பா நாற்காலியில் இருந்தபடியே. "அஞ்சுல வளையாதது அம்பதுல வளையுமா?"

"வளைக்கற விதம்னு ஒண்ணு இருக்கு சித்தப்பா" என்றாள் மூத்தவள். அப்பாவின் கனமான கம்பளியை எடுத்துக்கொண்டு கட்டிலுக்கடியில் குனிந்தாள். இழுக்கவில்லை, பேசவுமில்லை. பக்கத்தில் படுத்து, பிள்ளை தானாக நகர்ந்து வரும்வரை காத்திருந்தாள். பிறகு கம்பளியோடு சேர்த்து இறுக்கி அணைத்துப் பின்னறைக்குத் தூக்கிப் போனாள். கொஞ்ச நேரத்தில் வீறல் விம்மலாயிற்று. விம்மல் தூக்கமாயிற்று.

தம்பியும் அவன் மனைவியும் பின்னாலேயே வந்து நின்றார்கள். மனைவியின் கண் குழந்தையின் கன்னத்தில் பதிந்திருந்த விரல் தடத்திலேயே இருந்தது.

"இனிமேலாவது அனுப்புடா" என்றாள் மூத்தவள். "இந்த வயசைத் தாண்டிட்டா ரொம்பக் கஷ்டம். ஸ்கூல்ல ஒரு நாள் தாங்க மாட்டா."

"முடியாதுக்கா." தம்பியின் குரல் உடைந்தது. "நேத்து சாயங்காலம் அப்பாகிட்டயே கேட்டுட்டேன். பேச்சு இல்லன்னாலும் காது கேக்குமேன்னு. கையில கையை வெச்சு, 'மகாராணிய அனுப்ப வேண்டாம்னா அமுக்குங்கப்பா'ன்னேன். எப்படி அமுக்கினார் தெரியுமா? அதான் அவரோட கடைசி வார்த்தை. அதை மீறச் சொல்றியா?"

"எந்தக் கை?"

"வலது கை. ஏன்?"

உயிரோடிருந்த அப்பாவோடு சண்டையாவது போட முடிந்தது.

"அனுப்பணும்னா அமுக்குங்கன்னு கேட்டிருந்தாலும் அமுக்கியிருப்பார்டா."

"என்ன சொல்ற?"

"பச்சக் குழந்தை உள்ளங்கையில எதை வெச்சாலும் கை தானா மூடிக்கும். பாசமும் இல்ல, பதிலும் இல்ல. சில மாசத்துல அது போயிடும். பக்கவாதம் மாதிரி மூளையில அடி விழுந்தா பெரியவங்களுக்குத் திரும்ப வரும். நீ கைக்குப் பதிலா கரண்டியை வெச்சிருந்தாலும் பிடிச்சிருப்பார்."

தம்பி அவளையே பார்த்தான். முகத்தில் அழுகை போய் வேறொன்று வந்திருந்தது.

"நேத்து மத்தியானம் முழுக்க அதே கையால உன் கையைப் பிடிச்சுட்டிருந்தாரே. மரத்துப் போயும் எடுக்காம உக்காந்திருந்தியே. அதுவும் இதுதானா?"

அவளுக்கு நேற்றே தெரியும். கை தொட்ட நொடியிலேயே தெரியும். தெரிந்தும் உட்கார்ந்திருந்தாள், முப்பத்தெட்டு வயதில் முதல் முறையாக அப்பா பிடித்த கை என்பதால். பெரியம்மா ஊருக்கே சொல்லி முடித்த ஆறுதல் அது. இன்னும் ஒரு நாளாவது அதை வைத்துக்கொண்டிருக்க அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது.

"ஆமா" என்றாள். "அதுவும் இதுதான்."

"செத்த மனுஷன் இன்னும் வீட்டை விட்டுப் போகல. அவர் கடைசியா குடுத்ததைக்கூடப் பிடுங்கிட்ட. நெஞ்சுல ஈரம்னு எதாவது இருக்கா உனக்கு?" அவன் தன் உள்ளங்கையைப் பார்த்தான். வேட்டியில் அதைத் துடைத்துக்கொண்டான். "என்ன வேணா பண்ணிக்கோ. எங்கிட்ட மட்டும் இனிப் பேசாத."

அவன் போனான். மனைவி வாசற்படி வரை போய்த் திரும்பி நின்றாள்.

"திங்கக்கெழம கூட்டிட்டு வரட்டுமா அண்ணி?"

மூத்தவள் சரியென்று தலையை ஆட்டினாள்.

"வண்டி வந்துடுச்சு, முகம் பாக்கறவங்க பாத்துக்கங்க" என்று கூடத்தில் யாரோ குரல் கொடுத்தார்கள். மடியில் கம்பளிக்குள்ளிருந்து பிள்ளையின் ஒரு கை மட்டும் வெளியே வந்து விரிந்து கிடந்தது. மூத்தவள் தன் ஆள்காட்டி விரலை அந்த உள்ளங்கையில் வைத்தாள். விரல்கள் மூடவில்லை.

அப்பாவை வைத்த பெட்டியைத் தூக்கும் சத்தம் கேட்டது. அவள் விரலை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.