பொய் சொல்லாத தோள்

மனித வரலாற்றில் பொய் சொல்லாத தசை ஒன்றே ஒன்றுதான். அது தாடியஸ் நோவாக்கின் தசை. இதைச் சொன்னவன் தாடியஸ் நோவாக். ஒஹாயோவின் டொலிடோவில் பழைய டயர் கிடங்கில் இருக்கும் எங்கள் ஜிம்மில், கண்ணாடி முன்னால், சட்டையில்லாமல் சொன்னான். கையில் நூறு பவுண்டு டம்பெல் இருந்ததால் யாரும் மறுக்கவில்லை.

பதினோரு வருடமாக ஸ்டீராய்டைத் தொடாதவன். ஒரு நாளைக்குப் பதினெட்டு முட்டை மட்டும். அவை ஒவ்வொரு சுற்று எடை தூக்கி முடிந்ததும் ஏப்பமாகத் திரும்பி வரும். அப்போது நான்கடி தள்ளி நிற்பது எங்கள் ஜிம் வழக்கம். ஊக்கமருந்து எடுக்காதவர்களுக்கான ஆணழகன் போட்டியில் மூன்று வருடமாக அவனுக்கு இரண்டாமிடம். மூன்று வருடமும் நடுவர்கள் எழுதியது ஒரே வரி: தோள் போதாது. அக்டோபரில் அவனுக்கு நாற்பது. அதன்பின் மூத்தோர் பிரிவுதான். அங்கே நிற்பதற்குப் பதில் செத்துப்போகலாம் என்பது அவன் கருத்து.

மேடையேறும் முன், மருந்து எடுத்தாயா என்று கேட்பதற்கு, பொய் கண்டறியும் கருவி மாட்டிய நாற்காலியில் உட்கார வைப்பார்கள். அவனுக்குப் போட்டியில் பிடித்த இடமே அந்த நாற்காலிதான்.

அவனோடு பயிற்சி செய்பவன் மார்லன். ஏப்ரலில் கார் நிறுத்துமிடத்தில் யாரிடமோ ஒரு புட்டி ஸ்டீராய்டு வாங்கினான். ரோஜா நிற மாத்திரை. ஆறு வாரத்தில் அவன் தோள் முலாம்பழமாகிவிட்டது. கதவுகளில் பக்கவாட்டாக நுழைய ஆரம்பித்தான்.

"டேய், அது லாரி போற கதவுடா. நேராவே வரலாம்," என்றான் தாடியஸ். "மாத்திரைய நிறுத்தினா நீ காத்துப் போன டயரு."

"பொறாமைய முட்டையோட சேத்து முழுங்குண்ணே."

திடீரென்று மார்லனுக்கு, மருந்து ஈரலைக் கெடுத்துவிடுமோ என்று கவலை வந்தது. நான் கல்லூரியில் வேதியியல் படிப்பதால் ஒரு மாத்திரையை என்னிடம் கொடுத்தான். ஆய்வகத்தில் அமிலம் விட்டதும் நுரைத்தது. இன்னும் இரண்டு சோதனை செய்தேன். சுண்ணாம்புச் சத்து, சர்க்கரை, சாயம். நெஞ்செரிச்சலுக்குச் சப்புகிற மாத்திரை.

"அப்ப இந்தத் தோளு?" என்றான் மார்லன்.

"உன்னோடதுதான்."

இழவுச் செய்தி கேட்டவன்போல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். முந்தின நாள் தூக்கிய எடையை மறுநாள் அவனால் தூக்க முடியவில்லை. புட்டியைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு, தோளை மறைக்க ஜூன் வெயிலில் கம்பளிச் சட்டையோடு திரிந்தான்.

தாடியஸ் ஒரு வாரம் சிரித்தான். "செரிமான மாத்திரைய நம்பி ஒடம்ப வளத்தவன் இந்த ஒஹாயோவிலயே நீ ஒருத்தன்தாண்டா."

போட்டிக்கு மூன்று வாரம் இருந்தபோது தோளை டேப்பால் அளந்தான். போன வருட அளவுதான். டேப்பைத் திருப்பிப் பிடித்து அளந்தான். டேப் மனம் மாறவில்லை.

அன்று என்னை ஓரமாக அழைத்தான்.

"தம்பி, அந்த மாத்திரைல வேற ஒண்ணும் இல்லையே?"

"இல்ல. சும்மா சுண்ணாம்பு."

"அப்ப அந்த நாற்காலில உக்கார வச்சு, மருந்து எடுத்தியான்னு கேட்டா, இல்லைன்னு சொல்றது உண்மைதான?"

"உண்மைதான்."

"கருவியோட முள்ளு ஆடாதுல்ல?"

"யாருக்குண்ணே?"

"மார்லனுக்காகக் கேக்கறேன்."

மார்லன் போட்டிக்குப் பெயரே கொடுக்கவில்லை.

எங்கள் ஜிம்மில் யாரும் காலிசெய்யாத அந்தக் குப்பைத்தொட்டியை எட்டிப் பார்த்தேன். வாழைப்பழத் தோல் இருந்தது. புட்டி இல்லை.

அடுத்த திங்கட்கிழமை, எட்டு தடவைக்கு மேல் தூக்க முடியாத எடையைத் தாடியஸ் பதினொரு தடவை தூக்கினான். நாங்கள் வழக்கம்போல் நான்கடி தள்ளி நின்று காத்திருந்தோம். ஏப்பம் வரவில்லை. அவன் எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, எதையோ வாயில் போட்டு மெதுவாகச் சப்பினான். பிறகு தண்ணீர் பிடிக்கக் கிளம்பினான்.

லாரி போகிற கதவு முழுசாகத் திறந்திருந்தது. பக்கவாட்டாகத் திரும்பி, கவனமாக நுழைந்து போனான்.