அலைக்குக் கடன் இல்லை

உலகத்தில் கடன் என்றால் என்னவென்று முழுதாகப் புரிந்துகொண்டவர் ஒரே ஒருவர்தான். அவர் ஒரு பழைய வங்கியின் மூன்றாவது மாடியில், கிரெடிட் கார்டு பிரிவில், ஜன்னலை ஒட்டிய மேஜையில் உட்கார்ந்திருக்கிறார். இதை வேறு யாரும் சொல்லவில்லை. அவரே சொன்னார். வாரத்துக்கு ஒருமுறையாவது சொல்வார்.

பேச்சு கொஞ்சம் அதிகம் என்றாலும் ஆள் சுத்தம். இருபத்தாறு வருஷத்தில் எந்த வாடிக்கையாளரிடமும் ஒரு காலண்டர்கூட வாங்கியதில்லை. விண்ணப்பம் போட்டவர் யார் என்று தெரிந்தால் மனசு ஒரு பக்கம் சாய்ந்துவிடும் என்பதால், தன் மேஜைக்கு வரும் படிவங்களில் பெயர், படம், முகவரி எல்லாவற்றின் மேலும் பழுப்புக் காகிதம் ஒட்டி அனுப்பச் சொல்லிவிட்டார். அவர் பார்ப்பது விண்ணப்ப எண்ணையும் வருமானத்தையும் மட்டும்தான். மறுக்கும்போது அச்சடித்த வாசகம் போதாது என்று காரணத்தைத் தன் கைப்பட ஒரு வரியில் எழுதுவார். மறுக்கப்பட்ட ஒருவர் அந்தக் கடிதத்தைச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டியிருப்பதாகக் கேள்வி.

அப்படிப்பட்ட அதிகாரிக்குக் கிளையே இல்லாமல் போனிலேயே நடக்கும் ஆப் பேங்குகள் என்றாலே ஆகாது. "போனுக்குள்ள குடித்தனம் நடத்துறாங்க" என்பார். முன்கூட்டியே பணம் போட்டு வைத்துச் செலவழிக்கும் கார்டை அவர்கள் கொடுத்துக்கொண்டிருந்தவரையில் பொறுத்துக்கொண்டார். அதற்கு உண்டியல் என்று பேரும் வைத்தார். இப்போது நிஜமான கிரெடிட் கார்டே கொடுக்கப் போகிறார்களாம்.

"உண்டியல் கடன் குடுக்குமாம்!" என்று சாப்பாட்டு நேரத்தில் பிரிவு முழுவதும் கேட்கச் சொன்னார். "நிஜ ஆளுதான்னு காட்ட, போனைப் பார்த்துத் தலையை இந்தப் பக்கம் ஒரு தரம், அந்தப் பக்கம் ஒரு தரம் ஆட்டினா கார்டு வந்துடுமாம். கோழிகூடத்தான் அப்படி ஆட்டுது. கோழிக்கும் உண்டா?"

அன்று மாலை வீட்டில் அவர் டிபன் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மனைவி ஒரு கடிதத்தோடு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

அவள் மொழிபெயர்ப்பாளர். மாநாடுகளில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, காதில் ஒரு மொழியை வாங்கி வாயில் இன்னொரு மொழியாக விடுவது தொழில். ஒரு மாதம் நாலு மாநாடு வரும், அடுத்த மாதம் ஈ ஓட்ட வேண்டும். இந்த முறை வெளியூரில் ஐந்து நாள் மருத்துவ மாநாடு, முதல் தடவையாக அவள்தான் தலைமை. விடுதிச் செலவை மாநாட்டுக்காரர்கள் பிறகு தருவார்கள். ஆனால் விடுதியில் சாவி கொடுப்பதற்கு முன் அவள் பேரில் ஒரு கிரெடிட் கார்டு கேட்டார்கள். அவளிடம் இருந்தது உண்டியல். "மன்னிக்கணும் மேடம், நிஜ கார்டு வேணும்" என்று போனிலேயே சொல்லிவிட்டார்கள். பத்து நாளுக்குள் கார்டு கிடைக்காவிட்டால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும்.

"சிபாரிசு வேணாம்னு உங்ககிட்ட சொல்லாம உங்க பேங்க்லயே போட்டேன். பதில் வந்திருக்கு, கேளுங்க" என்று படித்தாள். "'விண்ணப்பதாரரின் வருமானம் அலை போல வருகிறது, போகிறது. அலைக்குக் கடன் கொடுப்பது இவ்வங்கியின் வழக்கமன்று.'"

அதிகாரியின் கை தட்டிலேயே நின்றது. எழுதிய அன்று அந்த வரி அவருக்கு மிகவும் பிடித்திருந்தது.

"நல்லாத்தான் எழுதியிருக்கான்" என்றார், யாரையோ சொல்வதுபோல.

"யாரு?"

"யாராவது ஒரு ஆபீசர்."

"ஏங்க, கையெழுத்தை விடுங்க, யார் வாயில எந்த வார்த்தை வரும்னு தெரிஞ்சு வெச்சுக்கிறதுதான் என் பொழப்பே. கல்யாணத்துக்கு முன்னாடி எனக்கு எழுதின லெட்டர்லயும் அலை வந்துச்சு. அப்ப நான் அலை மாதிரி சிரிக்கிறேன்னு எழுதினீங்க. இப்ப அலை மாதிரி சம்பாதிக்கிறேனாம்."

முடிவை மாற்ற வழியில்லை. மறுத்த விண்ணப்பத்தை ஆறு மாதத்துக்குத் திரும்பப் பார்க்கக் கூடாது என்பது விதி. அதையும் அவர்தான் போட்டிருந்தார்.

"என் கார்டோட சேர்த்து உன் பேர்ல ஒண்ணு வாங்கிக்கலாமே?"

"உங்க கார்டுக்கு நான் வாலா? சம்பாதிக்கிறது நான். கடன் வாங்கவும் எனக்குத் தெரியும்."

ஞாயிற்றுக்கிழமை மைத்துனி வந்தாள். மனைவியின் தங்கை, அவள் வேலை பார்ப்பதே ஒரு ஆப் பேங்கில்தான், அந்தப் புது கார்டைத் தயாரிக்கும் குழுவில். கார்டு அந்த வாரம்தான் வெளிவந்திருந்தது. அதிகாரி சட்டையை மாற்றிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தார். விசாரணைக்குத் தயார்.

"ஏம்மா, நெருப்புப் பெட்டியை வீடு வீடாப் போட்டுட்டுப் போற மாதிரி இருக்கே. இது தேவையா?"

"நானும் வேணாம்னு சொன்ன கட்சிதான் அத்தான். ஒரு வருஷம் சண்டை போட்டேன்."

இதை அவர் எதிர்பார்க்கவில்லை. "அப்புறம்?"

"அக்கா மாதிரி ஆளுங்க கணக்கை எடுத்துப் பார்த்தேன். பேங்க் குடுக்கலன்னா அவங்க கடன் வாங்காம இருக்கிறதில்ல. கண்ட இடத்துல கண்ட வட்டிக்கு வாங்குறாங்க. அதனால குடுக்கலாமா வேணாமாங்கிற சண்டையை விட்டுட்டு, எப்படிக் குடுக்கிறதுன்னு சண்டை போட ஆரம்பிச்சேன்."

"அலை மாதிரி வர்ற வருமானத்துக்கு எவ்வளவு குடுப்பே? சராசரி பார்ப்பியா?"

"சராசரி பார்த்தா ஆளு மூழ்கிடுவாங்க அத்தான். ரெண்டு வருஷத்துல ரொம்ப மோசமான மூணு மாசத்தை எடுப்போம். அந்த மாசத்துலயும் திருப்பிக் கட்ட முடியுற தொகை எதுவோ அதான் வரம்பு. கம்மியாத்தான் இருக்கும். ஆனா விடுதிக்குப் போதும்."

இருபத்தாறு வருஷமாகக் கடைசி மூன்று சம்பளச் சீட்டைப் பார்த்து வந்தவர் அவர். மோசமான மூன்று மாதத்தைப் பார்க்கலாம் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. எவ்வளவு எளிது! பக்கத்து வீட்டுக்காரர் தன்னுடையதைவிட நல்ல பூட்டு வைத்திருப்பதைக் கண்ட பூட்டுக்காரரைப்போல, அவருக்குள் கொஞ்சம் எரிந்தது. நிறைய சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டாவதை முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

"சரி, தகராறுன்னா யாரைப் போய்ப் பார்க்கிறது? போனையா சட்டையைப் பிடிச்சு உலுக்கறது?"

மைத்துனி ஒரு எண்ணைக் கொடுத்தாள். அவரே கூப்பிட்டார். நாலாவது மணியில் ஒரு பெண் எடுத்தாள். அதிகாரி குரலை மாற்றிக்கொண்டு, விவரம் தெரியாதவர்போல, "இந்தக் கார்டை வெச்சு மெஷின்ல ரொக்கமா எடுக்கலாமாம்மா?" என்றார்.

"எடுக்கலாம் சார். ஆனா எடுக்காதீங்க. எடுத்த நாள்லேர்ந்தே வட்டி ஓடும். வேற வழி இருக்கான்னு முதல்ல பாருங்க."

அவர் போனைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை உற்றுப் பார்த்தார். வட்டி வரும் வழியைத் தானே அடைக்கும் ஒரு வங்கி ஊழியரை அவர் தன் வாழ்நாளில் சந்தித்ததில்லை. தன்னைத் தவிர என்று சேர்த்துக்கொள்ளப் பார்த்தார், மனசாட்சி விடவில்லை.

"இந்தப் பொண்ணை எங்கேருந்து பிடிச்சீங்க?" என்று போனை வைத்துவிட்டு மைத்துனியைக் கேட்டார்.

"உங்க பேங்க்லேர்ந்துதான். மூணு வருஷம் முன்னாடி வேலையை விட்டுட்டு வந்தா."

மனைவி பேச்சு முடியும்வரை காத்திருக்கவில்லை. அவளுடைய கூலி நாலு வருஷமாக அந்த ஆப் பேங்கில்தான் விழுந்துகொண்டிருந்தது. நல்ல மாதம், கெட்ட மாதம் எல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. சமையலறை வெளிச்சத்தில் நின்று, போனைப் பிடித்து, தலையை இந்தப் பக்கம் ஒரு தரமும் அந்தப் பக்கம் ஒரு தரமும் திருப்பினாள்.

"கொக்கொக்" என்றார் அதிகாரி, பழக்க தோஷத்தில். யாரும் சிரிக்கவில்லை. அவருக்கே சிரிப்பு வரவில்லை.

கார்டு ஆறாம் நாள் தபாலில் வந்தது. ஒன்பதாம் நாள் அவள் ரயிலேறினாள். அன்று அலுவலகத்தில் அவருக்கு ஒரு படிவத்திலும் கண் ஓடவில்லை. போனை மேஜையில் மல்லாக்க வைத்துக் காத்திருந்தார். மூன்று மணிக்கு அடித்தது.

"குடுத்துட்டாங்க. ஏழாவது மாடி. கார்டை வாங்கிப் பார்த்தான், தேய்ச்சான், சாவியைக் குடுத்தான். அவ்வளவுதான்."

"எதுவும் கேக்கலயா?"

"காலையில சாப்பாடு வேணுமான்னு கேட்டான்." அவள் சிரித்தாள். அது அலை மாதிரிதான் இருந்தது. கல்யாணத்துக்கு முந்தைய அந்தக் கடிதத்தில் அவர் எழுதியதில் தப்பில்லை. "ஏங்க, இங்க எல்லாரும் என்னைத் தலைவின்னு கூப்பிடறாங்க. கொஞ்சம் பயமா இருக்கு."

"நீ பேசினா எல்லாம் சரியாயிடும்" என்றார் அதிகாரி. கூச்சமாக இருந்ததால் உடனே வைத்துவிட்டார்.

மேஜையில் பதினோரு படிவங்கள் பழுப்புக் காகிதத்தோடு கிடந்தன. அவற்றில் இரண்டில் வருமானம் ஏறியும் இறங்கியும் இருந்தது. பேனாவைத் திறந்தார். கடைசி மூன்று மாதத்தை விட்டுவிட்டு, மோசமான மூன்று மாதம் எது என்று தேடினார். இரண்டு வருஷக் கணக்கு படிவத்தில் இல்லை. கேட்க அந்தப் படிவத்தில் கட்டமே இல்லை. அந்த ஆப்பில் எப்படிக் கேட்கிறார்கள், எந்த வரிசையில், எந்த வார்த்தையில் என்று தெரிந்தால் ஒரு குறிப்பு எழுதி மேலிடத்துக்கு அனுப்பலாம். உள்ளே போய்ப் பார்க்காமல் அது தெரியாது.

பழைய கோப்புகள் வைக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். இது ஆராய்ச்சி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, போனில் அந்த ஆப்பைத் திறந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றச் சொன்னது; கழற்றினார். முகத்தை வட்டத்துக்குள் கொண்டுவரச் சொன்னது, கொண்டுவந்தார். பிறகு ஒருமுறை கதவைப் பார்த்துவிட்டு, தலையை மெதுவாக இடது பக்கம் திருப்பினார். அப்புறம் வலது பக்கம்.