வைக்கோல் போருக்குப் பின்னால் ஒரு புறா

மரகதப் புறாவைப் பார்க்க வருகிறவர்கள் தங்குவதற்காக என் மாமனார் தன் தோட்டத்தில் நான்கு அறைகள் கட்டினார். இடம் போதவில்லை என்று, அந்தப் புறா குடியிருந்த மூங்கில் புதரையே வெட்டிவிட்டார். அறைகள் அருமையாக அமைந்தன. புறாதான் போயே போய்விட்டது.

அதனால் எனக்கு வேலை கிடைத்தது. செல்போன் கடையை இழுத்து மூடிவிட்டு மாமனார் வீட்டில் வந்து உட்கார்ந்தவன் நான். என்னிடம் அவர் நேராகப் பேசமாட்டார். நான் எதிரில் நின்றாலும் மகளிடம்தான் சொல்வார். "உன் வீட்டுக்காரரு சும்மாதானே இருக்காரு? வைக்கோல் போருக்குப் பின்னால உக்காந்து ஊதச் சொல்லு."

உள்ளங்கைகளைக் குவித்து, கட்டைவிரல்களுக்கு நடுவே ஊதினால் அச்சு அசலாகப் புறாக் குரல் வரும். ஆனால் வைக்கோல் தூசி எனக்கு ஆகாது. மூன்று முறை ஊதியதும் மூச்சு இளைத்துவிடும். ஒரு இழுப்பு இழுத்துவிட்டுத்தான் அடுத்தது. விருந்தாளிகள் கழுத்தில் பைனாகுலர் தொங்க, காதால் கேட்டதே பாக்கியம் என்று அதைப் பதிவு செய்துகொண்டு போவார்கள்.

அந்தப் பதிவுகளைக் கேட்டுவிட்டு ஒரு பறவை நிபுணர் தன் கூட்டத்தோடு வந்து இறங்கினார். அவருக்குப் பிடித்துவிட்டால் வருஷம் முழுக்க ஆள் அனுப்புவாராம். மாமனார் மகளைக் கூப்பிட்டார். "நாளைக்குச் சொதப்பினா, ரெண்டு பேரும் வேற வீடு பாத்துக்கங்க."

நிறைமாதப் பெண்ணிடம் பேசுகிற பேச்சா இது? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் கோபித்துக்கொண்டு கிளம்ப ஒரு போக்கிடம் வேண்டுமே.

விடிந்ததும் போருக்குப் பின்னால் உட்கார்ந்து கையைக் குவித்தேன். வாயருகே கொண்டுபோவதற்குள் தலைக்கு மேலே கூவல் கேட்டது. நிமிர்ந்தால், மாமரக் கிளையில் மரகதப் புறா. இத்தனை நாள் அதன் குரலை வைத்துப் பிழைத்தவன், அதைக் கண்ணால் பார்த்தது அன்றுதான். பச்சை என்றால் அப்படி ஒரு பச்சை. தப்பித்தோம் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

போருக்கு அந்தப் பக்கம் நிபுணர் கத்தினார். "நிறுத்துங்க சார்! யாரோ கையைக் குவிச்சு ஊதுறான். என்னைக் கேணயன்னு நெனச்சீங்களா?"

"அய்யோ, அப்படியெல்லாம் இல்லைங்க..." மாமனார் கெஞ்சினார்.

"இந்த ஊர்ப் புறா மூணு தடவை கூவினதும் ஒரு இழுப்பு இழுக்கும். கட்டுரையே எழுதியிருக்கேன். இதுல இழுப்பு எங்க? எல்லாரும் பெட்டியை எடுங்கப்பா."

அவசரமாக மூன்று முறை ஊதி, நன்றாக ஒரு இழுப்பு இழுத்தேன்.

"ஆ! இதுதான் அசல்! அந்தப் போலியை முதல்ல வாயை மூடச் சொல்லுங்க!"

போலி விடாமல் கூவியது. நான் ஒரு மண்ணாங்கட்டியை எடுத்தேன். அது தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தது. எறிந்தேன்.

போரின் ஓரமாக எட்டிப் பார்த்தேன். புறா அவர்கள் தலைக்கு மேலாகவே பறந்தது. ஒருவரும் நிமிரவில்லை. எல்லோரும் கண்ணை மூடி என் இழுப்பைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

மதியம் மாமனார் என்னைப் பக்கத்தில் உட்கார்த்திவைத்துச் சாப்பிட்டார். "நல்லா சாப்பிடுங்க மாப்பிள்ளை" என்று முதல்முறையாக என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை.