தேவதையின் கால்கள் இருக்கும் பக்கம்

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பிறகு வருவதில் அது அதிகம் இருக்காது.

புவெனஸ் அய்ரஸில் பல வருஷமாகக் குப்பை கொட்டுகிறவன் நான். ஆனாலும் போன இலையுதிர் காலத்தில் ஒரு சனிக்கிழமை, பழைய கட்டடங்களை நடந்தே சுற்றிக்காட்டும் குழு ஒன்றில் வெளியூர்க்காரன் மாதிரி பெயர் கொடுத்தேன். அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்ததுதான் மிச்சம் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது, கொங்கிரேசோ பேட்டைப் பக்கம் ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடிக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே ஒரு வீட்டின் கூடத்தை நட்டநடுவில் ஒரு சுவர் வெட்டிக்கொண்டு போனது. வீட்டுக்காரம்மாள் அந்தச் சுவரைக் காட்டி ஏதோ சொன்னார். எல்லோரும் சிரித்தோம். பின்னால் நின்ற பெரியவர் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை.

உண்மை இவ்வளவுதான். அந்த அம்மாள் என்ன சொன்னார் என்பதை இப்போதைக்கு மூடி வைக்கிறேன். சிரிக்காத பெரியவருக்குப் பல் வலியாகக்கூட இருந்திருக்கலாம். எனக்குத்தான் பொறுக்கவில்லை, அவருக்கு ஒரு பெயர் வைத்துவிட்டேன். ரமிரோ பத்தாலினி.

2

தொடக்கங்கள்.

"ரமிரோ தன் சொந்தக் கட்டடத்துக்குள் முன்வாசல் வழியாக நுழைவதற்குச் சீட்டு வாங்கினான்." நன்றாக இருக்கிறது. நன்றாக இருக்கிறது என்று நானே சொல்லும்படி இருப்பதால் அடித்துவிட்டேன்.

"சுவர் மெல்லியது." இது கதை எழுதுகிறவன் வேலை இல்லை, போஸ்டர் எழுதுகிறவன் வேலை.

"மீசையை எடுத்த பிறகு கண்ணாடியில் தெரிந்த முகம் அம்மாவுடையதாக இருந்ததால் ரமிரோ சற்று நேரம்—" இல்லை. அம்மாவை உள்ளே விட்டால் அழுகை வந்துவிடும். அவள் போய்ச் சேர்ந்த பிறகே கதை தொடங்கட்டும்.

[எழுபதைத் தாண்டிய மனிதனை 'அவன்' என்று எழுதலாமா என்று என் மனைவி கேட்டாள். அக்காவோடு சண்டை போடும்போது எந்த ஆணுக்கும் எட்டு வயதைத் தாண்டுவதில்லை, அதனால் அவன்தான் என்றேன். அவளுக்கும் ஒரு தம்பி உண்டு.]

3

ரமிரோவும் அவன் அக்கா நெலிதாவும் பிறந்து வளர்ந்த வீடு அது. இருவரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா போனதும் ரமிரோ வீட்டை விற்கலாம் என்றான். நெலிதா தன் பிணத்தின் மேல் நடந்து போய் விற்றுக்கொள் என்றாள். வக்கீல் வந்தார், பாதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள் என்றார்.

சண்டைக்கு இதைவிடக் கனமான காரணம் வைக்கலாமா என்று யோசித்தேன். ஒரு வரைவில் ஒரு காதலி வந்தாள், இன்னொன்றில் ஒரு துரோகம் வந்தது. இரண்டையும் தூக்கிப்போட்டேன். கூடப்பிறந்தவர்கள் பேசாமல் இருப்பதற்குப் பெரிய காரணம் தேவைப்படுவதை நான் எங்கும் பார்த்ததில்லை.

கோடு எங்கே போடுவது என்பதில்தான் உண்மையான ரகளை நடந்தது. கூடத்தின் கூரையில் சுண்ணச் சாந்தில் செய்த ஒரு தேவதை, பூமாலை நடுவே ஒருக்களித்துப் படுத்திருக்கும். சரிபாதிக் கோடு அதன் இடுப்பில் விழுந்தது. கொத்தனார், ஒரு முழம் தள்ளிக் கட்டிக்கொள்ளலாமே, தேவதை யாருக்காவது முழுசாகப் போகட்டும் என்றார். யாருக்கு என்று இரண்டு பேரும் ஒரே குரலில் கேட்டார்கள். அவர் கோட்டை இடுப்பிலேயே போட்டார். தலையும் இறக்கையும் நெலிதாவுக்குப் போயின, இரண்டு கால்கள் ரமிரோவுக்கு வந்தன. சுவருக்கான செலவில் சமபங்கு என்பதால் இருவரும் கஞ்சத்தனத்தில் போட்டி போட்டு, இருப்பதிலேயே லேசான பலகையில் சுவர் எழுப்பச் சொன்னார்கள்.

முன்வாசல், பளிங்குப் படி, இரும்புக் கிராதி போட்ட லிஃப்ட் எல்லாம் நெலிதாவின் பங்கு. சமையலறையும், வேலைக்காரர்கள் வந்துபோக அந்தக் காலத்தில் கட்டிய பின்படிக்கட்டும் ரமிரோவின் பங்கு. அவன் வாசல் அடுத்த தெருவில் திறக்கும். ஆகவே ஒரே வீட்டில் இருந்தும் ஒன்பது வருஷமாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. காதுக்கு மட்டும் விடுமுறையே இல்லை. அவள் தும்மினால் இவன் வாய் தன்னை அறியாமல் 'நூறாயுசு' என்று முணுமுணுக்கும். பிறகு வாயைத் துடைத்துக்கொள்வான்.

போன வருஷம் முதல் சனிக்கிழமைகளில் புதுச் சத்தம் ஒன்று சேர்ந்தது. நிறையக் காலடிகள், அக்காவின் பேச்சு. பேச்சு நிற்கும். அக்கா ஏதோ மெதுவாகச் சொல்வாள், ரமிரோ ரேடியோவை அணைத்துவிட்டுச் சுவரில் காதை வைப்பான். உடனே ஒரு கூட்டமே சிரிக்கும். பிறகு காலடிகள் இறங்கிப் போய்விடும்.

என்ன சொல்கிறாள்? சிரிக்கிறார்களே, யாரைப் பார்த்து? இவன் பல்பொடி விளம்பரத்தில் நடிக்கப் போய் ஒரே நாளில் திரும்பி வந்ததையா? பள்ளியில் பேச்சுப் போட்டியில் மேடையிலிருந்து விழுந்ததையா? அவனைப் பற்றிய வேடிக்கைகள் அவளிடம் ஒரு பீரோ நிறைய உண்டு. சனிக்கிழமை வந்தால் ரமிரோவுக்குச் சோறு இறங்குவதில்லை என்ற நிலைமை வந்துவிட்டது.

கடைசியில் மீசையை எடுத்தான், தொப்பி வாங்கினான், அக்காவின் கூடத்துக்கு வருவது பழைய கட்டடங்களைச் சுற்றிக்காட்டும் குழு என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு அதில் பெயர் கொடுத்தான். வீட்டில் இருப்பதாகவே அக்கா நினைக்கட்டும் என்று கிளம்பும்போது ரேடியோவை ஓடவிட்டு வந்தான். வாழ்க்கையில் அவன் செய்த ஒரே தந்திரம் அதுதான்.

4

வழிகாட்டியின் பெயர் யாமிலா. கட்டடக்கலை படித்த பெண். எல்லோரும் ஒரு காப்பிக் கடை முன்னால் கூடினார்கள். ரமிரோ அங்கேயே ஒரு காப்பியும் பிறை வடிவ ரொட்டியும் சாப்பிட்டான். தெருக்களில் யாமிலா அவர்களுக்கு ஒரு விளையாட்டு வைத்தாள். இந்த ஊரில் கட்டடம் கட்டியவரின் பெயர் வாசலோரக் கல்லில் பொறித்திருக்கும்.* முதலில் கண்டுபிடிக்கிறவருக்கு ஒரு மிட்டாய்.

ரமிரோவின் கட்டடத்துக்கு வந்தபோது எல்லோரும் தேடினார்கள். அவனும் தேடினான். பிறந்ததிலிருந்து சுவர் எழும்வரை அந்த வாசலில் நுழைந்து வெளியேறியவனுக்கு அங்கே ஒரு பெயர் இருப்பதே தெரியாது. கிடைத்தது ஒரு பிரேசில்காரிக்கு. யாமிலா அண்ணாந்து, மூன்றாம் மாடிப் பால்கனியின் வளைவைப் பாருங்கள், தெருவில் வருகிறவர்களை எட்டிப்பார்க்கும் வீட்டுக்காரியைப் போல முன்னால் வந்து நிற்கிறது என்றாள். ரமிரோ பார்த்தான். அழகாகத்தான் இருந்தது. ஒவ்வொரு மூலையாக அவள் சொல்லச் சொல்ல, அவனுக்குத் தன் வீட்டைப் பற்றி ஆயிரம் கேள்விகள் கிளம்பின. கையைத் தூக்கி இரண்டு கேள்விகள் கேட்டும்விட்டான். இந்த மாமாதான் இன்னிக்கு முதல் மாணவர் என்று யாமிலா எல்லோரிடமும் சொன்னாள்.

* கதை எழுதுகிறவனுக்கும் இப்படி ஒரு கல் கிடைத்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். பிறகு, இடிந்து விழுந்தால் யாரைப் பிடிப்பது என்று ஊருக்குத் தெரிந்துபோகுமே என்றும் நினைத்தேன்.

5

நெலிதா கதவைத் திறந்தாள். உதட்டுச் சாயம், முத்துமாலை. விருந்தாளிகள் முன்னால் கண்ணாடி போடமாட்டாள், அந்தப் பகட்டு அவளிடம் எப்போதும் உண்டு. ரமிரோ பிரேசில்காரியின் கணவனுக்குப் பின்னால் நின்றுகொண்டான்.

[மீசை இல்லாவிட்டால் அக்காவுக்குத் தம்பியைத் தெரியாதா என்று கேட்பீர்கள். எனக்கும் அது உறுத்துகிறது. இருக்கட்டும், நடப்போம்.]

அவன் முதலில் கூரையைத்தான் பார்த்தான். தேவதையின் முகம் அங்கே இருந்தது. அதற்கு இரட்டைத் தாடை என்பதை மறந்தே போயிருந்தான். ஒன்பது வருஷமாகக் கால்களோடு மட்டும் குடும்பம் நடத்தியவன் தொப்பியைப் பிடித்துக்கொண்டு இன்னும் அண்ணாந்தான். சுவருக்கு அந்தப் பக்கம் அவனுடைய ரேடியோவில் எவனோ ஒருவன் பந்தயக் குதிரைகளைப் பற்றி வளவளத்துக்கொண்டிருந்தான்.

நெலிதா வீட்டைப் பற்றிச் சொன்னாள், அப்பாவைப் பற்றிச் சொன்னாள். பிறகு விரலை உதட்டில் வைத்தாள். இனி மூடி வைத்ததைத் திறக்கிறேன்.

"பேசாம இருங்க. இந்தச் சுவருக்கு அந்தாண்ட என் தம்பி இருக்கான். நம்ம பேச்சு நின்னா அவனுக்கு இருப்புக் கொள்ளாது. இப்ப ரேடியோவ அணைச்சுட்டு ஒட்டுக்கேப்பான் பாருங்க."

நான் போன அன்று ரேடியோ உடனே நின்றது. அதற்குத்தான் சிரித்தோம். ஆனால் இந்தக் கதையில் அதை அணைக்க வேண்டியவன் இங்கே பின்வரிசையில் தொப்பியோடு நிற்கிறான். அந்தப் பக்கம் ஆளே இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், இந்த வரிக்கு வந்து சேரும்வரை நான் அதைக் கவனிக்கவில்லை.

ரேடியோ நிற்கவில்லை.

6

நெலிதா சிரித்த முகத்தோடு காத்திருந்தாள். ரேடியோவில் குதிரைக்காரன் பேசிக்கொண்டே இருந்தான். யாரோ கனைத்தார்கள். அவள் விரல் முட்டியால் சுவரைத் தட்டினாள். ஒன்பது வருஷத்தில் முதல் தட்டு அது.

"டேய் மிரோ."

அந்தப் பெயரைச் சொல்ல உலகத்தில் அவள் ஒருத்திதான் மிச்சம்.

"இன்னிக்குக் காலைல காப்பி வாசம் வரல," என்று அவள் யாமிலாவிடம் சொன்னாள். "எந்திரிச்சதும் நாலு இருமல் இருமுவான், அதக் கேட்டாத்தான் நான் மூஞ்சி கழுவுவேன். இன்னிக்கும் இருமினான், பெறகு அவன் நடமாடுற சத்தமே இல்ல. எங்கயாச்சும் போயிருப்பான்னு நெனைக்கலாம். ஆனா ரேடியோவ அணைக்காமப் போகமாட்டானே அவன், கரண்டு பில்லுன்னா உசுரு போயிடும் அவனுக்கு."

யாமிலா பின்வழியாகப் போய்ப் பார்க்கலாமா என்று கேட்டாள். அது இரும்புக் கதவு, சாவி அவனிடம் மட்டும்தான், தட்டினால் யார் வந்து திறப்பது என்று நெலிதா கேட்டபோது அவளுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. கணப்படுப்பு ஓரம் சாத்தியிருந்த இரும்புக் கம்பியை எடுத்து யாமிலாவின் கையில் திணித்தாள்.

"இடிங்க இத."

"அம்மா, நான் கட்டடங்களக் காப்பாத்தணும்னு படிச்சவ."

"இடிம்மா."

யாமிலா சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள், தட்டிப் பார்த்தாள். "இது பாரம் தாங்குற சுவரே இல்ல," என்றாள். "இடிச்சா ஒண்ணும் விழாது."

ரமிரோவின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். நான் இங்கேதான் இருக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் அவள் நிம்மதியாக மூச்சு விடுவாள். அடுத்த மூச்சில், சீட்டு வாங்கிக்கொண்டு வேவு பார்க்க வந்தாயா என்பாள். கதவு சாத்தப்படும், சுவர் இருந்தபடி இருக்கும். வாயை மூடிக்கொண்டு நின்றாலோ சுவர் போய்விடும். ஆனால் அதுவரை அவன் செத்துக்கிடப்பதாக அவள் நினைத்துத் துடிக்க வேண்டும். அவனுக்கு வெட்கமாக இருந்தது. அக்கா தன் இருமலுக்காகக் காத்திருந்திருக்கிறாள் என்பதில் சந்தோஷமாகவும் இருந்தது. இந்த நேரத்தில் சந்தோஷப்படுகிறோமே என்று இன்னும் வெட்கமாக இருந்தது.

7

முடிவுகள்.

(அ) ரமிரோ நைசாக நழுவி, பளிங்குப் படியில் இறங்கி, தெரு முனையைச் சுற்றி ஓடி, பின்படிக்கட்டில் மூச்சிரைக்க ஏறி, ரேடியோவை அணைக்கிறான். மூன்றாம் மாடியில் எல்லோரும் சிரிக்கிறார்கள். எல்லாம் பழையபடி. இதை எழுதி முடித்துப் படித்தேன், என்னையே எனக்குப் பிடிக்கவில்லை.

(ஆ) "அக்கா." அவள் திரும்புகிறாள். கட்டிப்பிடித்து... இங்கே வரிசையாகப் புள்ளி வைத்துவிட்டு எழுந்து போய்க் காப்பி போட்டேன். இரண்டு பேருமே கட்டிப்பிடிக்கிற சாதி இல்லை.

(இ) இது என் மனைவி சொன்னது. "மீசைய எடுத்தாத் தெரியாதாமா? அவன் நுழைஞ்சப்பவே அவளுக்குத் தெரியும். தெரிஞ்சுதான் சுவரத் தட்டிக் கூப்பிட்டா. மூஞ்சியப் பாத்து 'டேய்'னு கூப்பிட முடியாதவளுக்குச் சுவரப் பாத்தாத்தானே வாய் வரும்?" அப்படியானால் கண்ணீர் நடிப்பா என்று கேட்டேன். அது எதுக்கு நடிப்பாக இருக்கணும், ஒன்பது வருஷத்துக் கண்ணீர்தானே என்றாள். அன்று மத்தியானம் அவள் தன் தம்பிக்குப் போன் செய்தாள். என்ன பேசினாள் என்று நான் கேட்கவில்லை.

மூன்றில் எதையும் என்னால் தேர்ந்தெடுக்க முடியவில்லை. ஒன்றை மட்டும் சொல்ல முடியும். கம்பி கையில் இருந்தும் யாமிலாவுக்கு மனசு வரவில்லை, பிரேசில்காரியிடம் கொடுத்துவிட்டாள். அவள் கணவனிடம் கொடுத்தாள். அவன் பதறிப்போய் எனக்குக் கொடுத்தான். ஆமாம், நானும் வரிசையில்தான் நின்றேன். என் கையில் அது கனத்தது. அடுத்து நின்றது ரமிரோ, அவனிடம் கொடுத்தேன். அவன் தொப்பியைக் கழற்றிவிட்டான். சுவரைப் பார்த்தான், அக்காவின் முதுகைப் பார்த்தான், பேச வாயைத் திறந்தான், மூடினான். இப்போது திரும்பி, தனக்கு அடுத்து நிற்கிறவரிடம் கம்பியை நீட்டுகிறான்.

அடுத்து நிற்பது நீங்கள். வாங்கிக்கொள்ளுங்கள், அல்லது அவனைப் பேசச் சொல்லுங்கள், எதுவானாலும் சீக்கிரம். நெலிதா இன்னும் சுவரைத் தட்டிக்கொண்டுதான் இருக்கிறாள். வயதானவள், கை வலிக்கும்.