ஏழாம் எண்

பழைய தாள்களைக் கிளறுவது அம்சவேணிக்கு அறவே பிடிக்காத வேலை. மனிதக் கண் நிறங்களை எப்படிப் பிரித்தறிகிறது என்று ஆராய்ந்தே இத்தனை வருடத்தை ஓட்டியவள் அவள். சென்னையில் அவள் பொறுப்பில் ஓர் ஆய்வுக்கூடம் இருந்தது. வெளிநாட்டுக் கூட்டங்களில் பேசக் கூப்பிட்டார்கள். ஊர்க்காரர்கள் 'கண் டாக்டர்' என்று சொல்லும்போது, இல்லை என்று விளக்கிச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் விட்டுவிட்டாள். போன வாரம் வெளிநாட்டுக் குழு ஒன்று கடிதம் எழுதியது. சாயத் தொழிலாளர்களைப் பற்றிய அவளுடைய முதல் ஆய்வின் எண்கள் எல்லாமே வேண்டுமாம், விலக்கி வைத்தவை உட்பட. அதனால்தான் பீரோவுக்கு மேலே கிடந்த அட்டைப்பெட்டி இறங்கியது.

அந்த ஆய்வுதான் அவளை ஆளாக்கியது. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர்கள் நாற்பத்தோரு பேரை உட்கார வைத்து, நிற வில்லைகளை வரிசையாக அடுக்கச் சொன்னாள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் மயிரிழைதான் வித்தியாசம். நாளெல்லாம் நிறத்தோடு மல்லுக்கட்டுகிறவர்களின் கண் மற்றவர்கள் கண்ணைவிடக் கூர்மையானது என்பது அவள் கட்சி. எண்களும் அப்படியே வந்தன, ஒரே ஒரு ஆளைத் தவிர.

அந்த ஏழாம் எண் தாள் இப்போது அவள் கையில் இருந்தது. சிவப்பிலும் பச்சையிலும் ஒரு பிழை இல்லை. நீலமும் மஞ்சளும் வரும் இடங்களில் மட்டும் பிழைகளைக் காட்டும் கோடு இரண்டு பக்கமும் புடைத்துக்கொண்டு நின்றது. இன்றைக்கு அவளிடம் படிக்கிற முதல் வருடப் பிள்ளையிடம் காட்டினால்கூட, இந்த ஆளின் கண் நரம்பு கெட்டுக்கொண்டு வருகிறதோ, உடனே டாக்டரிடம் அனுப்புங்கள் என்று சொல்லிவிடும். தாளின் மூலையில் சிவப்பு மையில் அவளுடைய கையெழுத்திலேயே எழுதியிருந்தது: 'களைப்பு, கவனக்குறைவு. விலக்குக.'

ஏழாம் எண் அவளுடைய அப்பா கோதண்டபாணி. கண் அழுத்த நோய் மெல்ல மெல்லத் தின்று, அவருக்கு இரண்டு கண்ணும் முழுசாகப் போய் நாலு வருடமாகிறது. பத்து வருடம் முன்னால் வந்திருந்தால் சொட்டு மருந்திலேயே நிறுத்தியிருக்கலாமே என்று டாக்டர் அப்போது கேட்டார். எங்களுக்கு எப்படி சார் தெரியும் என்று பதில் சொன்னவளும் அம்சவேணிதான்.

அன்றைக்கு அவளுக்குத் தெரியாதா? படித்திருந்தாள். பாடப்புத்தகத்தில் அச்சாக அதே படம் இருந்தது. ஆனால் அது நோயாளிகளைப் பற்றிய அத்தியாயம். அப்பா நோயாளி இல்லை, காஞ்சிபுரத்திலேயே நல்ல சாயக்காரர். தீசிஸ் கொடுக்க மூன்று மாதம்தான் இருந்தது. ஆராய்ச்சிக்காரர்களுக்கு இதில் ஒரு சௌகரியம் உண்டு. தொந்தரவு கொடுக்கிற எண்ணுக்கு மரியாதையாக ஒரு பெயர் சூட்டி வெளியே அனுப்பிவிடலாம், யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். கட்டுரையில் நாற்பது பேர் என்று போட்டாள், பட்டம் வாங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை காஞ்சிபுரத்துக்குப் பஸ் ஏறினாள். சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தாள். சொல்லாமல் இருந்தாலும் யாருக்கும் தெரியப்போவதில்லை என்பது அவளுக்கு நன்றாகவே தெரியும். ஆனால் அதற்கப்புறம் அப்பா எதிரில் உட்கார்ந்து ஒரு வாய் சோறு தின்ன முடியாது. சொன்னால் அவர் தன்னோடு பேசாமலே போய்விடுவாரோ என்ற பயம் வழியெல்லாம் கூடவே வந்தது.

செவிலிமேட்டில் தம்பி பாலாஜி கட்டிய வீட்டில்தான் அப்பா இருந்தார். கூடத்தில் ஜன்னலோரம் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர், செருப்பைக் கழற்றும் சத்தத்திலேயே ஆளைக் கண்டுபிடித்துவிட்டார்.

"அம்சாவா? என்னாம்மா, சொல்லாம கொள்ளாம வந்துக்கினு கீறே? ஜெயப்ரியா, அண்ணிக்கு காப்பி போடும்மா."

தம்பி மனைவி காப்பி வைத்துவிட்டு உள்ளே போனாள். அம்சவேணி தரையில் அப்பாவின் காலருகே உட்கார்ந்தாள். பஸ்ஸில் ஒத்திகை பார்த்த வாக்கியங்களை விட்டுவிட்டு, சுற்றி வளைத்துத் தொடங்கினாள்.

"ஏம்பா, அப்ப நான் வில்லையெல்லாம் அடுக்கச் சொல்லி டெஸ்ட் வெச்சேனே, அப்பவே உனக்குக் கண்ணுல ஏதாச்சும் தெரிஞ்சுதா?"

"தெரியாம என்னா? நீலம் மட்டும் சண்டித்தனம் பண்ணிக்கினு இருந்துச்சு. மயில்கழுத்துக் கலர் போட்டா பச்சைன்னு நெசவுக்காரன் திருப்பி அனுப்புவான். அதான் தராசு வாங்கினேன். கண்ண நம்பாம சாயப் பொடிய எடை போட்டு எடை போட்டுக் கலந்தேன்."

அந்தத் தராசை அவள் எத்தனை மேடையில் சொல்லியிருக்கிறாள்! மகள் விஞ்ஞானி ஆனதும் சாயக்கார அப்பாவும் கைப்பக்குவத்தை விட்டுவிட்டு அளந்து வேலை செய்ய ஆரம்பித்துவிட்டார் என்று சொல்லிக் கைத்தட்டல் வாங்கியிருக்கிறாள். காப்பியைக் கீழே வைத்தாள்.

"ஏம்பா எங்கிட்ட சொல்லல?"

"பயமா இருந்துச்சும்மா. கண்ணு போச்சுன்னா சாயக்காரனுக்கு என்னா கீது? நீ டெஸ்ட் வெச்சப்புறந்தான் உசிரு வந்துச்சு. எப்டிம்மா கீதுன்னு கேட்டேன். சூப்பரா பண்ணியிருக்கப்பான்னு சொன்னே."

சொன்னாள்தான். வில்லைகளை மூன்று தடவை கலைத்துக் கலைத்து அடுக்கிவிட்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டு பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி அவள் முகத்தையே பார்த்தார். மனசு கேட்காமல் அப்படிச் சொல்லி வைத்தாள்.

"அடுத்த மாசமே ஸ்கூல்ல கண்ணு முகாம் போட்டான். உங்கம்மா போ போன்னு உசிர எடுத்தா. எம்பொண்ணே லைட்டு வெச்சுப் பாத்துட்டா, வேற எவன் பாக்கணும்னு அவள அடக்கிட்டேன்."

தாளை விலக்கியது மட்டும்தான் தன் குற்றம் என்று நினைத்து வந்தாள். முகாமுக்குப் போகவிடாமல் அவரைத் தடுத்ததும் அவளேதான் என்று இப்போதுதான் தெரிந்தது.

எல்லாவற்றையும் சொன்னாள். எதையும் பூசி மெழுகவில்லை. அவர் அடுக்கியது தப்பு என்று அப்போதே தெரிந்ததை, பார்த்தும் களைப்பு என்று எழுதியதை, அன்றைக்கே டாக்டரிடம் போயிருந்தால் கண் தப்பியிருக்கும் என்பதை. சொல்லி முடிப்பதற்குள் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நாற்பது வயது தாண்டியவள் அப்பாவின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு விம்மினாள்.

கோதண்டபாணி காற்றில் துழாவி அவள் தலையைக் கண்டுபிடித்துக் கையை வைத்தார்.

"அழாத. சின்னப் பொண்ணு, உனக்கு அப்ப என்னா தெரியும்? எழுவது வருசம் பாத்தாச்சு. உன் கல்யாணம் பாத்தேன், பாலாஜி புள்ளையப் பாத்தேன். போதும் வுடு."

அவ்வளவுதானா என்றிருந்தது அவளுக்கு. இத்தனை பெரிய பாரத்தை இப்படி ஒரு வார்த்தையில் இறக்கி வைத்துவிட்டாரே என்று, அந்தக் கையின் கீழே தலையைக் கொடுத்தபடி மூச்சு விட்டாள்.

"அம்சா."

"என்னப்பா?"

"விலக்கிட்டேன்னியே. அப்டின்னா? உன் புஸ்தகத்துல நான் இல்லியா?"

"இல்லப்பா. நாற்பது பேருதான்."

"நான் இல்ல."

"இல்லப்பா."

"கண்ணு போச்சேன்னு வந்தவன் போனவனெல்லாம் துக்கம் கேட்டான். அவங்ககிட்டல்லாம் நான் ஒண்ணே ஒண்ணுதாம்மா சொன்னேன். போனா போவுது, நல்லா இருந்தப்ப எங்கண்ணு எப்டி இருந்துச்சுன்னு எம்பொண்ணு எழுதி வெச்சுக்கீறா, அது அழியாதுன்னு."

"இப்ப சேத்துடறேம்ப்பா. அதத்தான் கேட்டிருக்காங்க. இந்த வாரமே அனுப்பிடறேன், உன்னோட ஏழாம் நம்பர்…"

"என்னான்னு சேப்பே? கெட்டுப்போன கண்ணுன்னா?"

கோதண்டபாணி அவள் தலையிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.