மூன்றாம் மாடிக்கு முதல் சிலிண்டர்

என் அண்ணன் வீடு வீடாக கேஸ் சிலிண்டர் போடுகிறவன். தீயணைப்பு வண்டியில் ஏற வேண்டும் என்பது அவனுடைய நெடுநாள் ஆசை. அந்த வேலைக்கான தேர்வில் மூன்று கிலோமீட்டர் ஓடி, பத்து நிமிடம் இளைப்பாறிவிட்டு, முப்பது கிலோ மணல் மூட்டையைத் தோளில் போட்டு இரண்டே நிமிடத்தில் மூன்று மாடி ஏற வேண்டும். போன வருடம் ஓட்டம் வரைக்கும் நன்றாகத்தான் இருந்தான். மூட்டையிடம் வந்ததும் அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டான். வயது வரம்பு நெருங்கிவிட்டதால் இந்த வருடம் விட்டால் அவ்வளவுதான்.

அண்ணி எலும்பு டாக்டரிடம் டோக்கன் கொடுக்கும் வேலை பார்க்கிறாள். கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து டாக்டரைக் கேட்டுவிட்டு வந்தாள்.

"ஓட்டத்தையும் பாரத்தையும் ஒண்ணு மேல ஒண்ணு போட்டா ரெண்டுமே உருப்படாதாம். நடுவுல ஆறு மணி நேரம் விடணுமாம். நீங்க நாள் பூரா சிலிண்டர் தூக்கிட்டு, சட்டைகூட மாத்தாம ஓடப் போறீங்க. இனிமே விடிஞ்சதும் ஓட்டம். காலையில கீழ் வீடு. மாடி வீடெல்லாம் மத்தியானம்."

கலர் பேனாவில் அட்டவணை போட்டுச் சமையலறைக் கதவில் ஒட்டினாள். இரண்டு மாதத்தில் அண்ணனின் தொடை பருத்து, பேன்ட் பாதியிலேயே நின்றது. பிரித்துவிடச் சொல்லித் தையல்காரம்மாவிடம் கொடுத்தான். அவள் இருப்பது மூன்றாம் மாடி. அதை அவன் யோசிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவளே பேன்ட்டோடு வந்துவிட்டாள். நான் வழக்கம்போல் சமையலறைக்குள் போய்விட்டேன். அங்கிருந்தே எல்லாம் கேட்கும்.

"இந்தா. ரெண்டு விரல் அகலம் விட்டிருக்கேன். இதுக்கு மேல விட துணி இல்ல. இப்ப நான் கேக்கறதுக்குப் பதில் சொல்லு. மூணாம் மாடின்னா உனக்கு இளக்காரமா? கீழ் வீட்டுக்கு சிலிண்டர் ஒன்பதுக்கே வருது. எனக்கு ரெண்டு மணிக்கு வருது. கேஸ் தீந்த அன்னிக்கு அதுவரைக்கும் அரிசி பானையில ஊறிக்கிட்டே கிடக்கு."

"இளக்காரம் இல்லக்கா. காலையில ஓடுறேன்ல, ஆறு மணி நேரம் கழிச்சுதான் பாரம் ஏத்தணும். தீயணைப்பு வேலைக்காக."

"சரி. என் வீட்ல தீப்பிடிச்சா?"

"ஓடி வருவேன்க்கா."

"வந்துட்டு? ஆறு மணி நேரம் கீழ உக்காந்து இளைப்பாறிட்டு மேல வருவியா?"

தேர்வில் பத்து நிமிடம்தான் இடைவெளி என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். அட்டவணை அழகாக இருந்ததில் மறந்துபோயிருந்தது. தேர்வுக்கு மூன்று வாரம் இருந்தது.

மறுநாள் அண்ணி இதைச் சொன்னதும் டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டாராம். "இடைவெளி பலம் சேக்கறதுக்கும்மா. அது சேந்தாச்சு. கடைசி மூணு வாரம் தேர்வு எப்படியோ அப்படியே பழகணும்."

ஆகவே ஒருநாள் விட்டு ஒருநாள் அண்ணன் ஓடினான். பத்து நிமிடம் நின்றான். பிறகு சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு நேரே தையல்காரம்மா வீட்டுக்கு ஏறினான். அவள் கழுத்தில் அளவு டேப்போடு, கையில் கடிகாரத்தோடு வாசலில் நிற்பாள். "சிலிண்டர்" என்று அவன் குரல் கொடுத்தால்தான் நேரத்தைச் சொல்வாள். முதல் நாள் மூன்றே கால் நிமிடம் ஆனது. அண்ணன் வாசற்படியிலேயே சாய்ந்துவிட்டான்.

"இங்க படுக்காத தம்பி, ஆளுங்க பிளவுஸ் வாங்க வருவாங்க. அந்த சிலிண்டரைக் கீழ கொண்டு போ. எனக்கு இன்னும் ஒரு மாசத்துக்கு இருக்கு."

தேர்வன்று நானும் அண்ணியும் வேலிக்கு வெளியே நின்றோம். அண்ணன் ஓடினான், நின்றான், மூட்டையைத் தூக்கினான். கட்டடத்துக்குள் போனவன் கண்ணுக்குத் தெரியவில்லை. அண்ணி என் கையைப் பிசைந்துகொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் உச்சியிலிருந்து தெளிவாக ஒரு குரல் வந்தது.

"அக்கா, சிலிண்டர்."

மேலே இருந்தவர் மீசை வைத்த அதிகாரி. கடிகாரத்தை நிறுத்தி, ஒரு நிமிடம் ஐம்பத்திரண்டு நொடி என்று எழுதிக்கொண்டு, "இங்க காலி சிலிண்டர் எதுவும் இல்லப்பா. கீழ போய்க் கையெழுத்துப் போடு" என்றாராம்.

வேலை கிடைத்ததை முதலில் தையல்காரம்மாவிடம்தான் போய்ச் சொன்னோம். அவள் மெஷினை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டாள்.

"சந்தோஷம். இனிமே எனக்கு சிலிண்டர் யாரு போடுவா?"

"புதுசா ஒருத்தர் வருவாருக்கா."

"அவரு ஓடுவாரா?"

"தெரியலக்கா."

"ஓட வேணாம்னு சொல்லி வை."